நிலைப்பதும் மிஞ்சுவதும்

சமூக ஊடகம் ஒரு மோஸ்தர், சீக்கிரம் ஓய்ந்துவிடும் என்று இலக்கிய நண்பர்கள் சிலர் சொல்லி வருகிறார்கள். சிறுபத்திரிகையைப் பற்றியும் இப்படிச் சொல்லியிருக்க முடியும். 'எழுத்து' 1959-ல் தொடங்கி 1970-ல் நின்றது. ஆர்குட் 2004-ல் தொடங்கி 2014-ல் மூடப்பட்டது. ஆயுள் கிட்டத்தட்ட ஒன்றுதான். 'எழுத்து' நின்றதால் சிறுபத்திரிகை நின்றுவிடவில்லை. ஆர்குட் மூடும் முன்பே அதன் ஜனம் ஃபேஸ்புக்குக்குக் குடிபெயர்ந்திருந்தது. கடை மாறும், பழக்கம் போகாது. 2017-ல் நமது நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து மக்கள் உட்கார்ந்தபோது, செய்தி வெளியூர்களுக்குப் பரவியதில் இந்த ஊடகத்துக்கும் பங்குண்டு. மோஸ்தர் என்று ஒதுக்குவது சோம்பல்.

ஆனால் நிலைப்பது வேறு, மிஞ்சுவது வேறு. சி.சு. செல்லப்பா 1998-ல் மறைந்தார். 'எழுத்து' இதழ்கள் வாசகனிடம் இருக்கின்றன. புதுக்கோட்டை ஞானாலயாவுக்குப் போனால் பழைய சிறுபத்திரிகைகளை இன்றும் புரட்டலாம். கல்லூரி நாட்களில் நானும் நண்பர்களும் இணையத்தில் கவிதை பற்றிப் போட்ட சண்டைகளில் ஒரு வரிகூட எங்களிடம் இல்லை. பிரதி எடுத்து வைக்காதது எங்கள் தவறு. ஒரு ரூபாய் வித்தியாசத்துக்கும் பதிவைத் தேடுகிற வங்கி குமாஸ்தா நான். என் அபிப்பிராயங்களுக்குப் பதிவு வைத்துக்கொள்ளவில்லை.

சமூக ஊடகம் இருக்கத்தான் போகிறது. அதில் எழுதியது இருக்குமா என்பதே விமர்சகனின் கேள்வி. கறாரான மதிப்புரையை அங்கே எழுதி, அச்சுக்குக் கொண்டுவராமல் அங்கேயே விட்டுவிடும் நண்பர்களிடம் எனக்குள்ள புகாரும் இதுதான்.