சபதத்திற்குப் படியளந்தவர் யார்?

மாமல்லபுரத்துக் கற்களைக் காண வருவோருள் பலர், கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ என்னும் புதினத்தை நெஞ்சில் சுமந்தே வருகின்றனர். 1944இல் ‘கல்கி’ இதழில் தொடராகத் தொடங்கிய அந்நூல், பல்லவர் வரலாற்றைப் புலவர் அறையிலிருந்து இல்லந்தோறும் கொண்டு சேர்த்தது. அத்தொண்டை நாம் மறுக்கவில்லை. நாம் மறுப்பது, போரை அது காட்டும் முறையை.

கதை அறிந்ததே. ஆடற்கலைச் செல்வி சிவகாமியைப் புலிகேசி சிறைகொண்டு செல்கிறான். வாதாபி எரிந்தாலன்றி அந்நகரை விட்டு வரேன் என்கிறாள் அவள். மாமல்லன் ஆண்டுக்கணக்கில் படை திரட்டுகிறான். செல்கிறான், வெல்கிறான், எரிக்கிறான். சபதம் நிறைவேறிற்று, படிப்போர் நெஞ்சும் நிறைந்தது. ஆனால் தோழர்களே, அந்த யானைகளுக்குக் கவளம் எங்கிருந்து வந்தது? அத்தனை ஆண்டுகள் படைக்குச் சோறிட்டது எவருடைய களஞ்சியம்?

புதினம் கூறாததைப் பல்லவர் காலச் செப்பேடுகள் கூறுகின்றன. கொடையாக அளித்த ஊர்களுக்கு எவ்வெவ்வரிகள் இல்லை என்று அவை பட்டியலிடுகின்றன. தறிக்கு வரி, செக்குக்கு வரி, குயவனுக்குக் குசக்காணம், கள்ளிறக்குவோனுக்கு ஈழம்பூட்சி, ஆயனுக்கு இடைப்பூட்சி! பிரமதேயத்திற்கு விலக்கு என்றால், மற்றவர்க்கு விதிப்பு என்பதுதானே பொருள்? சபதம் சிவகாமியுடையது; அதற்குப் படியளந்தவன் நெசவாளி, உழவன், குயவன்.

வென்று வந்த செல்வமேனும் அவர்களை அடைந்ததா? பரஞ்சோதியின் வரலாற்றைப் பாடிய சேக்கிழாரே, வாதாபியில் கவர்ந்த மணியும் நிதியும் யானையும் குதிரையும் மன்னன்முன் கொண்டுவரப்பட்டதாகக் கூறுகிறார். ஏர்முன் அன்று, தறிமுன் அன்று, மன்னன்முன்!

பகையேனும் தீர்ந்ததா? 642இல் வாதாபி வீழ்ந்தது. புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் காஞ்சியின்மேல் படையெடுத்தான். எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள்ளேயே புகுந்தான். கயிலாசநாதர் கோயிலின் செல்வத்தைத் திருப்பித் தந்ததாக அங்கே கன்னடத்தில் கல்வெட்டும் பொறித்தான். கோயிற்பொருள் திரும்பிற்று. உழவனின் நெல் திரும்பிற்று என்று அக்கல் சொல்லவில்லை. முடிவில், சாளுக்கியரை இராட்டிரகூடர் விழுங்கினர். பல்லவரைச் சோழர் விழுங்கினர்.

‘அது பழங்காலம்’ என்பாருக்குச் செங்கற்பட்டின் பிற்கால வரலாறே விடை தரும். ஆற்காட்டு நவாபு முகமது அலி, தனக்காகப் போரிட்ட ஆங்கிலக் கம்பெனிக்கு 1763இல் இச்சீமையை ஜாகீராக அளித்தார். கம்பெனியின் ஊழியரே அவருக்குக் கடும் வட்டிக்குக் கடன் தந்தனர். ஈடு, ஆற்காட்டுச் சீமை உழவனின் நிலவரி. 1780இல் ஐதர் அலியின் படை பாய்ந்தது, ஊர்கள் பாழாயின, உழுவோர் ஓடினர். 1785இல் எட்மண்ட் பர்க் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் அக்கடன்களைக் கடுமையாகச் சாடினார். ஆயினும் சீமையின் வருவாயிலிருந்தே அவற்றை அடைக்க ஏற்பாடாயிற்று. ஊர் எரிந்தது, வட்டி எரியவில்லை!

புராணப் புளுகைத் தோலுரிக்கும் நம் மேடைகளிலும், ‘வாதாபி கொண்டான்’ என்றதும் கைதட்டல் எழுகிறது. ஆண்டவன் பெயரால் நடந்த சுரண்டலைக் கேள்வி கேட்கும் நாம், அரசன் பெயரால் நடந்ததை மட்டும் வீரம் என வாழ்த்தலாமா? சோழர் இருவரின் போரைத் தடுக்க நடுவில் நின்ற கோவூர்கிழாரும், முறையின்றி வரி தண்டும் அரசனை வயலில் புகுந்த யானையோடு ஒப்பிட்ட பிசிராந்தையாரும் நம் புலவர்களே. பகைமுழக்கம் எங்கே எழுந்தாலும், இதற்குப் படியளப்பவர் யார் என்று முதலில் கேட்பதே அவர்கள் வழி வந்தோர்க்கு அழகு.

மாமல்லபுரத்துக் கிருட்டிண மண்டபத்தில், கடவுள் கதையை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள். ஆயன் ஒருவன் பால் கறக்கிறான். பசு தன் கன்றை நக்குகிறது. இடைப்பூட்சி செலுத்தியவன் அவன்தான். பெயரறியாச் சிற்பி அவனுக்குக் கல்லில் இடம் தந்தான். நம் புதின ஆசிரியர்கள் சொல்லில் இடம் தரட்டும்.