ஏரி யாருக்கு? பழவேற்காட்டுப் பாடும் பொருளியலாரின் நான்கு கட்டங்களும்

பொதுப் பண்டம் எது என்று விளக்க வந்த பொருளியலார் பலரும் முதலில் கைகாட்டியது கலங்கரை விளக்கத்தை. பழவேற்காடு அடங்கிய மீஞ்சூர் ஒன்றியத்துப் பிள்ளைகளுக்கு அதைப் படம் வரைந்து காட்ட வேண்டியதில்லை. பழவேற்காட்டில் விளக்கு நிற்கும் ஊருக்கே லைட் ஹவுஸ் குப்பம் என்று பெயர். அந்த ஒளியை ஒரு படகு பார்த்துக் கரை சேர்வதால் அடுத்த படகுக்கு ஒளி குறைவதில்லை. காசு தராதவருக்கு மட்டும் அதை மறைத்து வைக்கவும் வழியில்லை. ஒருவர் நுகர்ந்தால் மற்றவருக்குக் குறைகிறதா? தராதவரை விலக்க முடிகிறதா? பண்டங்களை வகுக்கும் மரபு முழுவதும் இந்த இரண்டு கேள்விகளின் மேல்தான் நிற்கிறது.

இரண்டும் ஒரே நாளில் பிறந்தவை அல்ல. பால் சாமுவேல்சன் 1954-இல் எழுதிய சிறு கட்டுரை முதல் கேள்வியைத்தான் கூர்மையாக்கியது. விலக்கல் என்னும் இரண்டாவது கேள்விக்கு உரிய இடம் தந்தவர் ரிச்சர்ட் மஸ்கிரேவ். அவருடைய பொது நிதி நூல் 1959-இல் வந்தது. ஜேம்ஸ் புக்கானன் 1965-இல் நடுவழி ஒன்றைக் காட்டினார்: உறுப்பினர் மட்டும் பகிர்ந்து அனுபவிக்கும் மன்றப் பண்டம். நீச்சல் குளம் அவர் தந்த எடுத்துக்காட்டு. 1977-இல் வின்சென்ட், எலினோர் ஆஸ்ட்ரம் தம்பதியர் இரு கேள்விகளையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்து நான்கு கட்டம் போட்டார்கள். கடையில் வாங்கும் அரிசி தனியார் பண்டம். விளக்கொளி பொதுப் பண்டம். கட்டணம் கட்டி நுழைவது மூன்றாவது. நான்காவதுதான் நமக்கு வேண்டியது: எடுக்க எடுக்கக் குறையும், ஆனால் எடுப்பவரைத் தடுப்பது கடினம். மீனும் நிலத்தடி நீரும் அந்தப் பொதுவளக் கட்டத்தில் அமர்ந்தன.

ஆனால் கலங்கரை விளக்கமே தன் கட்டத்தில் நிலையாக நிற்கவில்லை. இங்கிலாந்தில் தனியார் கட்டிய விளக்குகளுக்குத் துறைமுகத்தில் கப்பல்களிடம் கட்டணம் வாங்கியதை ரொனால்ட் கோஸ் 1974-இல் எடுத்துக் காட்டினார். அரசு தந்த அதிகாரம் இல்லாமல் அந்த வசூல் நடந்திருக்காது என்று பின்வந்தவர்கள் மறுத்தார்கள். அந்த மறுப்பும் நியாயமானதே. இந்தியாவிலும் 1927-ஆம் ஆண்டுச் சட்டப்படி துறைமுகத்துக்கு வரும் கப்பல் விளக்கு வரி கட்டியது. சிறு படகுக்கு வரி இல்லை. ஒளியின் இயல்பு மாறவில்லை, வசூலிக்கும் வாசல் ஒன்று கிடைத்தது. ஒரு பண்டம் எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்பதைப் பண்டம் மட்டும் தீர்மானிப்பதில்லை, அதைச் சுற்றி மனிதர்கள் போட்டுக்கொள்ளும் ஏற்பாடும் சேர்ந்தே தீர்மானிக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பழவேற்காட்டு ஏரி இதை எந்தப் பாடநூலையும் விடத் தெளிவாகக் காட்டுகிறது.

சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்பகுதி தமிழ்நாட்டில். இத்தகைய நீரைப் பற்றி 1954-இல் ஸ்காட் கார்டன், யாருக்கும் உரிமையில்லாத மீன்வளத்தில் லாபம் கரையும்வரை படகுகள் வந்து சேரும் என்று கணக்குப் போட்டார். 1968-இல் காரெட் ஹார்டின், பொதுமேய்ச்சல் நிலம் அழிந்தே தீரும் என்றார். பிற்காலத்தில் அவரே, மேலாண்மை இல்லாத பொதுநிலத்தைத்தான் சொன்னேன் என்று திருத்திக்கொண்டார். அவர் எழுதுவதற்குத் தலைமுறைகள் முன்பே இங்கே பாடு இருந்தது.

பாடு என்பது வலை கட்டுவதற்கென்று குறித்த நீரிடம். எல்லா இடமும் ஒன்றல்ல. இறால் கடலை நோக்கிப் போகும் ஓட்டத்தில் கழி ஊன்றி வலை கட்டினால் ஒரு கணக்கு. ஓரத்தில் கட்டினால் வேறு கணக்கு. கோட்டைக்குப்பம், ஜமீலாபாத், நடுவூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களில் உரிமையுள்ள தலைக்கட்டுகள் சீட்டுப் போட்டு, இடத்தையும் நாளையும் முறை வைத்துச் சுற்றிவருகின்றன. நல்ல இடம் ஒருவருக்கே நிலைப்பதில்லை. மோசமான இடமும் அப்படியே. தகராறு வந்தால் ஊர்ப் பஞ்சாயத்து. துருக்கியின் அலன்யாவில் மீனவர்கள் செப்டம்பரில் சீட்டெடுத்து, ஜனவரி வரை நாளுக்கொரு இடமாகக் கிழக்கே நகர்ந்து, பிறகு மேற்கே திரும்புவதை எலினோர் ஆஸ்ட்ரம் தம் 1990-ஆம் ஆண்டு நூலில் விவரித்தார். 2009-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அலன்யா உலகப் பாடத்தில் ஏறிவிட்டது. இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் முறை வைத்து வலை கட்டும் ஏற்பாடு உண்டு.

பாட்டுக்குள் ஏரியின் மீன் இடம் மாறுகிறது. வெளியாரை நோக்கும்போது அது மன்றப் பண்டம். முறை வந்தவருக்கு அன்றைய நீர் ஏறக்குறைய அவருடையது. இறாலுக்கோ அது எப்போதும் போல ஒரே தண்ணீர். விலக்கல் இங்கே ஊர் உழைத்துச் செய்யும் வேலை. ஆஸ்ட்ரம் மரபை நான் மற்றவற்றுக்கு மேலாக வைப்பது இதனால்தான்: அது அந்த வேலையைக் கண்டு மதித்தது.

மதித்தால் மட்டும் போதாது. விலக்குவது எளிதா, கடினமா என்று நான்கு கட்டமும் கேட்கிறது; விலக்கப்படுவது யார் என்று கேட்பதில்லை. பாட்டு உரிமை பெரும்பாலும் பட்டினவர் என்னும் மீனவச் சாதியில் பிறப்போடு வருவது. இடுப்பளவு நீரில் கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் போடும் இருளருக்கும், ஏரியை நம்பியுள்ள தலித் மீனவர்களுக்கும் சீட்டில் பெயர் இல்லை. சாரா கூல்தார்ட் 2008-இல் இந்த ஏரியைப் பற்றி எழுதிய ஆய்வு, பாட்டு உரிமை வருமானத்துக்கு அப்பால் கௌரவத்தோடும் பிணைந்திருப்பதைச் சுட்டியது. வளத்தைக் காத்த வேலி சாதியையும் காத்தது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லாத எந்தப் புகழ்ச்சியையும் நான் ஏற்கமாட்டேன்.

மீஞ்சூர் நிலத்தடியில் கதை நேர்மாறு. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம், தன் நிலத்தடி நீரை எடுக்கும் உரிமையை நிலத்துக்காரருக்குத் தந்தது. தண்ணீருக்கோ வரப்பு தெரியாது. சென்னையின் தாகத்துக்காக இங்கே கிணற்று வயல்கள் அமைந்தன. உழவர் பம்புகளும் இறைத்தன. கடல்நீர் உள்ளே ஏறிப் பல கிணறுகள் உவர்த்தன. சட்டம் தனியார் பண்டம் என்றது. நீரோ பொதுவளமாகவே நடந்துகொண்டது. சென்னைப் பெருநகரப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் 1987-இல்தான் வந்தது. ஏரிக்குச் சீட்டுப் போட்டதுபோல இந்த நீருக்கு முறை வைக்க எந்த ஊராலும் முடியவில்லை: எடுப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை, எல்லையும் தெரிவதில்லை. 2010-இல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்தது. குழாயில் ஓடும் அந்த நீருக்கு விலை உண்டு.

ஏரியின் முகத்துவாரம் மணலால் தூர்வது இன்னொரு சோதனை. அது திறந்திருந்தால் பாடு உள்ளவருக்கும், பாடு இல்லாதவருக்கும், பறி சுமப்பவருக்கும் இறால் உள்ளே வரும். படகும் கடலுக்குப் போகும். யாரையும் விலக்க முடியாத நன்மை இது. ஆகவே செலவை ஏற்க ஆள் தேடும் பண்டம். ஊர்க்காரர்கள் தாங்களே காசு போட்டு மணல் அள்ளியதும் உண்டு. அரசு நிலையான தடுப்புச் சுவர் கட்ட வேண்டும் என்று பல காலம் கேட்டதும் உண்டு. அந்தச் செலவுக் கணக்கில் இருளர் குடியிருப்பின் பெயரும் எழுதப்பட்டால், ஏரியில் அவர்களுக்குள்ள உரிமையையும் அதே தாளில் எழுத வேண்டிவரும்.