இடமில்லாத விடுதி

உவமையில் இரு பொருள்கள் அருகருகே நிற்கின்றன. உருவகத்தில் ஒன்று மற்றொன்றாகவே ஆகிவிடுகிறது. ஆகவே உருவகத்தைப் பாடலுக்குப் பூட்டிய அணிகலனாக மட்டும் கருதுவது பிழை. பாடலின் பொருளையே அது வழிநடத்துகிறது. ஜெர்மன் மொழிப் பாடல் ஒன்றில் இதனைக் காண்போம்.

வில்ஹெல்ம் முல்லர் (1794-1827) எழுதிய 24 கவிதைகளுக்கு வியன்னாவின் இசைமேதை பிரான்ஸ் ஷூபர்ட் 1827இல் இசையமைத்தார். 'குளிர்காலப் பயணம்' எனப் பொருள்படும் 'வின்டர்ரைசே' என்பது அத்தொகுப்பின் பெயர். காதலில் தோற்ற இளைஞன் பனி மூடிய வழிகளில் தனியே நடக்கிறான். உறைந்த ஆற்றில் தன் இதயத்தையே காண்கிறான்; காதலியின் வீட்டுக் கூரைமேல் சுழலும் காற்றுத் திசைகாட்டியில் அவ்வீட்டாரின் நிலையற்ற மனத்தைக் காண்கிறான்.

21ஆம் பாடலில் அவன் ஒரு கல்லறைத் தோட்டத்தை அடைகிறான். பாடலின் தலைப்போ 'விடுதி'! வாயிலில் தொங்கும் பசுந்தழை வளையம் அந்நாட்டில் மதுவிடுதியின் அடையாளம். கல்லறைகளின் பசும் வளையங்கள் அவனுக்கு அத்தகைய அழைப்பாகத் தோன்றுகின்றன. அந்த ஒரு சொல்லால் மரணம் அச்சம் நீங்கி ஓய்வாகிறது. இவ்வுருவகத்தின் இனிமையும் ஆபத்தும் இதுவே. ஷூபர்ட்டின் இசையும் மிக மெதுவாக, ஆலயப் பாடலின் அமைதியோடு, அவ்வழைப்புக்கு இசைவது போல் ஒலிக்கிறது.

ஆயின் விடுதியில் அறைகள் உண்டு. அவை நிரம்புவதும் உண்டு. முல்லர் தம் உருவகத்தை இறுதிவரை நேர்மையுடன் தொடர்கிறார். அறைகள் எல்லாம் நிரம்பிவிட்டன. விடுதியின் இரக்கமின்மையைக் கடிந்துகொண்டு, ஊன்றுகோலின் துணையோடு இளைஞன் மேலே நடக்கிறான். கவிஞர் கல்லறையைப் 'படுக்கை' என்று அழைத்திருந்தால் இம்மறுப்புக்கு இடமே இருந்திராது.

இப்பாடலை அவநம்பிக்கையின் உச்சம் என்பர் சிலர். நாம் முழுவதும் உடன்படவில்லை. அவன் கொடுமை என எண்ணும் மறுப்பே அவனை வாழ்வோர் நடுவில் நிறுத்துகிறது. இறுதிப் பாடலில், வெறுங்காலுடன் பனிக்கட்டிமேல் நின்று கைச்சுழல் யாழ் இசைக்கும் ஏழை முதியவனை அவன் காண்கிறான். உடன் வரட்டுமா என வினவுகிறான். அம்முதியவனை மரணத்தின் உருவாகக் கொள்வோரும் உளர். நம் கண்ணுக்கோ, யாரும் காசிடாத வெறுந்தட்டுடன் நிற்கும் மனிதனாகவே அவன் தெரிகிறான். தன் துயரையே பார்த்து நடந்தவன் பிறன் துயரைக் காணும் இடம் அது. விடுதியில் இடம் கிடைத்திருந்தால் அச்சந்திப்பு ஏது?