பதக்கத்திற்குப் பின் ஒரு வாழ்வு

2024-இல் வெளிவந்த கபீர் கானின் ‘சந்து சாம்பியன்’ என்னும் இந்தித் திரைப்படம், 1965-ஆம் ஆண்டுப் போரில் குண்டடிபட்டு நடக்க இயலாமற்போன முரளிகாந்த் பெட்கரின் வாழ்வைச் சொல்கிறது. 1972-இல் ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் ஐம்பது மீட்டர் நீச்சலை 37.33 நொடியில் கடந்து, இந்தியாவுக்கு முதல் தங்கம் பெற்றுத் தந்தவர் அவர்.

படம் நெஞ்சைத் தொடுகிறது; மறுப்பதற்கில்லை. ஆயினும் அதன் பார்வை பதக்கத்திலும் அரசு தரும் விருதிலுமே நிலைகொள்கிறது. பெட்கர் பின்னாளில் புணேயில் டெல்கோ ஆலையில் உழைத்து வாழ்ந்தவர். அந்த ஆலை வாழ்வே நமக்கு நெருக்கமானது.

ஓசூர் சிப்காட் வாயில்களில் காவலர் உடையில் முன்னாள் படைவீரர்களைக் காண்கிறோம். நிற்க இயலாதவருக்கோ அந்த வாயிலும் இல்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 விழுக்காடு ஒதுக்குகிறது; தனியார் ஆலைகளைக் கட்டாயப்படுத்தாது, ஊக்கப்படுத்த மட்டுமே சொல்கிறது. ஆலைகளை நம்பி வாழும் நம் பகுதியில் இவ்வேறுபாடு சிறிதன்று.

நீந்தி வென்றவரைப் போற்றுதல் எளிது. பதக்கம் ஏதும் பெறாத காயம்பட்டவருக்கும் ஓர் இருக்கையும் தொழிலும் தருவதே அரிது. அந்த அருஞ்செயலைச் சொல்லும் படைப்பு இனிதான் வரவேண்டும்.