உபதேசமும் கதையும்

'பதறாத காரியம் சிதறாது' என்பார் என் தகப்பனார். 'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்பாள் அம்மா. இரண்டையும் கேட்டு வளர்ந்தவன் நான். நெருங்கிய நண்பர் ஒருவரோடு மனஸ்தாபம் வந்தபோது தகப்பனார் கட்சியில் சேர்ந்துகொண்டேன். கோபம் தணியட்டும், பிறகு கடிதம் எழுதலாம் என்று இருந்துவிட்டேன். எழுத உட்காருவதற்குள் அவர் காலமாகிவிட்டார்.

அப்படியானால் பழமொழி பொய்யா? இல்லை. எந்தச் சமயத்துக்கு எது பொருந்தும் என்பதைத்தான் அது சொல்வதில்லை.

இந்தக் குறை மாயூரம் வேதநாயகம் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். முன்சீப்பாக இருந்து ஊரார் வழக்குகளைக் கேட்டவர் அல்லவா? 1859-ல் 'நீதிநூல்' வெளியிட்டவர், அதில் சொன்ன நீதிகளை விளக்கிக் காட்டவும் எண்ணியே 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை எழுதி 1879-ல் வெளியிட்டார். நாவலிலும் அவர் உபதேசத்தை விடவில்லை. அந்தப் பக்கங்களை நான் வேகமாகப் புரட்டியிருக்கிறேன். ஆனால் ஞானாம்பாள் ஆண் வேஷத்தில் அரசாளும்போது புரட்ட மனம் வருவதில்லை. அவள் இனி என்ன செய்வாள் என்று நாமும் கவலைப்படுகிறோம். அவளோடு சேர்ந்து யோசிக்கிறோம். உபதேசத்துக்கு இல்லாத சக்தி கதைக்கு அங்கே வந்துவிடுகிறது.

அதற்காகப் பழமொழிகளைத் தூக்கி எறிய நான் சொல்லமாட்டேன். அவை ஞாபகத்துக்காக வேஷ்டி முனையில் போட்டுக்கொள்ளும் முடிச்சைப் போன்றவை. முடிச்சைப் பார்த்தால், பட்டவனுக்குத்தான் விஷயம் ஞாபகம் வரும். அம்மாவின் பழங்கஞ்சி எனக்கு இப்போதுதான் புரிகிறது.