வெள்ளை நாய்க்கு எத்தனை நிறம்?

வீட்டு நாயை ஓவியமாக வரையச் சொல்லி ஃப்ரேம் போட்டு மாட்டுவது இப்போது சகஜமாகிவிட்டது. போனில் ஒரு போட்டோ அனுப்பினால் போதும். பென்சிலிலோ வாட்டர் கலரிலோ ஆயிலிலோ வரைந்து கூரியரில் அனுப்பிவிடுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஓவியர்களுக்கு வருமானம், நாய்க்கும் ஒரு கௌரவம். மற்ற நாய்களெல்லாம் எப்படியோ தப்பித்துக்கொள்கின்றன. ராஜபாளையம் மட்டும் மாட்டிக்கொள்கிறது.

இப்படி வரையப்பட்ட ராஜபாளையங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே நாய்தான். உடம்புக்குச் சுண்ணாம்பு வெள்ளை. சுற்றிலும் ஒரு கறுப்புக் கோடு. கறுப்பு மூக்கு. கண் காப்பிப்பொடி கலர். கழுத்தில் சிவப்புப் பட்டை இருந்தால், படத்தில் உருப்படியாக வந்த இடம் அதுவாகத்தான் இருக்கும். வீட்டுக்காரர் பார்க்கிறார். ‘நல்லாத்தான் இருக்கு... ஆனா நம்ம மணி மாதிரி இல்லியே’ என்கிறார். ஓவியரைக் கேட்டால், ‘அவங்க அனுப்புன போட்டோல மூக்கே தெரியல சார், நான் என்ன பண்ண?’ என்கிறார்.

இந்த வழக்கில் என் ஓட்டு ஓவியருக்கு.

ராஜபாளையம் நாயின் அடையாளமே அந்த மூக்குதான். ரோஸ் நிற மூக்கு, பொன்னிறக் கண், பால் வெள்ளை உடம்பு, ஆழமான மார்பு, ஒட்டிய வயிறு. மூக்கைக் கறுப்பாக்கிய உடனே அது வேறு நாய். ஓவியர் ஏன் கறுப்பாக்கினார்? போட்டோவில் மூக்கு இருந்த இடத்தில் வெறும் வெளிச்சம். தெரியாத இடத்தைத் தெரிந்ததை வைத்து நிரப்பிவிட்டார். நாய் என்றால் மூக்கு கறுப்புதானே!

இதற்கு 500 வருஷத்து முன்னுதாரணம் இருக்கிறது. குஜராத் சுல்தானிடமிருந்து போர்த்துக்கீசியர்கள் கைக்கு ஒரு காண்டாமிருகம் பரிசாக வந்தது. 1515-ல் அதைக் கப்பலில் லிஸ்பனுக்குக் கொண்டுபோனார்கள். ஜெர்மனியில் இருந்த ஆல்பிரெக்ட் ட்யூரர் அதைப் பார்க்கவே இல்லை. யாரோ எழுதிய வர்ணனையையும் ஒரு கோட்டுப் படத்தையும் வைத்து மரச்செதுக்குப் படம் ஒன்று செய்தார். ட்யூரர் மகா கலைஞர், கோடு ஒவ்வொன்றும் உயிரோடு இருக்கும். ஆனால் அந்த மிருகத்தின் தோல், ஆணி அடித்து மாட்டிய இரும்புக் கவசம் மாதிரி இருக்கிறது. கழுத்துக்குப் பின்னால் இல்லாத ஒரு குட்டிக் கொம்பு வேறு. கவசம் அவருக்குத் தெரிந்த விஷயம், காண்டாமிருகம் தெரியாத விஷயம். அவ்வளவுதான். ஐரோப்பா இருநூறு வருஷத்துக்கு மேல் அதைத்தான் காண்டாமிருகம் என்று நம்பியது. மாதிரி சரியில்லை என்றால் ட்யூரருக்கே இந்த கதி.

நம் பக்கத்துக்கு வருவோம். கோவில்பட்டியில் இருந்துகொண்டு தமிழ்நாட்டுப் பூஜை அறைகளுக்கெல்லாம் முருகனையும் மீனாட்சியையும் வரைந்து கொடுத்தவர் கொண்டைய ராஜு. அவரும் சீடர்களும் வரைந்ததை சிவகாசி அச்சடித்து ஊர் ஊராக அனுப்பியது. சாமி படம் வரைகிறவருக்கு ஒரு சௌகரியம் உண்டு. ‘முருகன் மாதிரி இல்லியே’ என்று யாரும் படத்தைத் திருப்பி அனுப்ப முடியாது. இறந்துபோன அப்பாவை வரைவது அப்படியில்லை. கல்யாண குரூப் போட்டோவின் மூன்றாவது வரிசையில் பட்டாணி சைஸில் இருக்கும் தலையைக் காட்டி, ‘இதைப் பெரிசா வரைஞ்சு குடுங்க’ என்பார்கள். ஊர் ஊருக்கு ஓவியர்கள் வரைந்தும் கொடுத்தார்கள். மூக்கு கொஞ்சம் கூராகும், முடி கொஞ்சம் அடர்த்தியாகும், எல்லா அப்பாக்களும் ஒரே மாதிரி கம்பீரமாக மாலைக்குள் இருப்பார்கள். அம்மா மட்டும் பார்த்துவிட்டு, ‘அவுக சிரிச்சா ஒரு பக்கம்தான் சிரிப்பாக’ என்று முணுமுணுப்பார்.

நாய்ப் படமும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறது. 2005-ல் நம் தபால் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. ராஜபாளையமும் அதில் ஒன்று. தபால்தலைக்கு ஓர் இனம் போதும். அதில் நிற்கிற நாய்க்குப் பெயர் தேவையில்லை. சுவரில் மாட்டுகிற படம் அப்படியா? அங்கே நிற்க வேண்டியது மணி. காது நுனியில் பழைய சண்டைத் தழும்பு உள்ள மணி. சிமென்ட் தரையில் படுத்துப் படுத்து முழங்கை காய்த்துப்போன மணி. தபால்தலையை ஆயில் பெயின்ட்டில் பெரிசு பண்ணித் தருவதற்கு எதற்கு அவ்வளவு பணம்?

சரி, போட்டோவில் என்னதான் தப்பு நடக்கிறது? உதாரணத்துக்கு கான்சாபுரத்தை எடுத்துக்கொள்வோம். வத்திராயிருப்புப் பக்கம், 2025-ல் ரீல்ஸ் தயவில் திடீரென்று பிரபலமான கூமாப்பட்டிக்குப் பக்கத்து ஊர். தென்னை, வயல், மேற்கே மலை. மத்தியானம் பன்னிரண்டு மணி வெயிலில் நாயை முற்றத்தில் நிறுத்தி, நின்ற வாக்கில் போனைக் கீழே நீட்டிப் படம் எடுக்கிறார்கள். தப்புகள் அத்தனையும் ஒரே க்ளிக்கில் முடிந்துவிடுகின்றன.

முதலில் வெளிச்சம். காட்சி முழுவதும் சராசரியாகச் சாம்பல் வெளிச்சத்தில் இருக்க வேண்டும் என்பது கேமராவின் பழைய நம்பிக்கை. இன்றைய போன்கள் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் காட்டினாலும் அடிப்படைக் குணம் போகவில்லை. பின்னால் பச்சைத் தோப்பு, நடுவில் சின்னதாக வெள்ளை நாய் என்றால், தோப்புக்காக வெளிச்சத்தைக் கூட்டிவிடும். நாய் வெறும் வெள்ளைக் காகிதம் ஆகிவிடும். விலா எலும்பின் மேடு, தோளின் தசை, மயிர் ஓடும் திசை, ரோஸ் மூக்கு எல்லாம் காலி. ஓவியர் வேறு வழியில்லாமல் கறுப்புக் கோடு போடுகிறார். ஆகவே திரையில் நாயின் மேல் விரலை வைத்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுங்கள். இருட்டாக வந்த வெள்ளையை மீட்டுவிடலாம். வெளுத்துப்போன வெள்ளையை யாராலும் மீட்க முடியாது.

அடுத்தது நிறம். வெள்ளை நாய் வெள்ளை இல்லை. பக்கத்தில் இருக்கிற எல்லாவற்றையும் கடன் வாங்கிக்கொள்ளும். நிழலில் வானத்தின் நீலம் முதுகில் விழும். சிவப்பு சிமென்ட் திண்ணையில் நின்றால் வயிற்றடியில் இளஞ்சிவப்பு. பச்சைத் தார்ப்பாய் கட்டிய கொட்டகைக்குள் நிறுத்தினால் பாவம், பாசி பிடித்த நாய். மாலை வெயில் பின்னாலிருந்து வந்தால் காது மடல் செம்பருத்தி இதழ் மாதிரி ஒளிவிடும். நல்ல ஓவியருக்கு இதெல்லாம் விருந்து, தார்ப்பாய் தவிர. நேரம் என்று கேட்டால், மலையடிவார ஊர்க்காரர்களுக்கு இயற்கையே ஸ்டூடியோ கட்டிக் கொடுத்திருக்கிறது. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிய பிறகும் வானத்தில் வெளிச்சம் மிச்சம் இருக்கும். கடும் நிழல் இல்லாத அந்த வெளிச்சத்தில் எடுங்கள். மற்ற ஊர்க்காரர்களுக்கு வாசல் திண்ணை போதும். ஃப்ளாஷ் மட்டும் வேண்டவே வேண்டாம். நாயின் கண்ணுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அடிக்கும் படலம் ஒன்று உண்டு. பொன்னிறக் கண் டார்ச் லைட் ஆகிவிடும்.

மூன்றாவது, எங்கிருந்து எடுப்பது? உட்காருங்கள். முடிந்தால் படுங்கள். நாயின் கண் மட்டத்துக்குக் கேமரா வர வேண்டும். மேலிருந்து எடுத்தால் தலை பெரிசு, கால் குட்டை. ஓடுவதற்கென்றே பிறந்த நாய் முக்காலி மாதிரி வரும். கிட்டே போகவும் வேண்டாம். போன் லென்ஸ் அகலப் பார்வைக்காரர், நீளமூஞ்சி நாயைக் கிட்டத்தில் பார்த்தால் மூக்கைப் பூசணிக்காய் ஆக்கிவிடுவார். ஏழெட்டு அடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். பின்னணியை மங்கலாக்கும் ‘போர்ட்ரெய்ட்’ வித்தை கூடாது. மீசை மயிரையும் காது ஓரத்தையும் சேர்த்து நறுக்கிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். இல்லையென்றால் பிழிந்து சக்கைதான் போய்ச்சேரும்.

காதை நிமிர்த்த பிஸ்கட் பாக்கெட்டைச் சலசலப்பார்கள். ராஜபாளையத்தில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, அந்த வெள்ளை நிறத்தோடு ஒட்டி வருகிற குறை அது. அதற்குக் கையை அசைக்க வேண்டும். அப்போது அது உங்கள் கையைப் பார்க்கிற பார்வை காது கேட்கிற நாயின் பார்வை இல்லை. ஓவியத்தில் வர வேண்டியதே அந்த வித்தியாசம்தான்.

இவ்வளவு டெக்னிக்கும் எதற்கு என்பதற்கு ஒரு படத்தைச் சொல்கிறேன். 1841-ல் விக்டோரியா மகாராணி தன் கணவர் ஆல்பர்ட்டுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக, அவருடைய கிரேஹவுண்ட் நாய் ‘ஈயோஸ்’ஸை எட்வின் லேண்ட்ஸீரிடம் வரையச் சொன்னார். ராஜபாளையத்துக்கு நிறத்தில் நேர் எதிர், உடல்வாகில் உறவுக்காரி. கறுப்பு நாய். மெல்லிய கால், பக்கவாட்டில் நிற்கிறது. எஜமானர் படத்தில் இல்லை. அவருடைய தொப்பியும் கையுறையும் இருக்கின்றன. நாய் அவற்றைக் காவல் காத்தபடி நிற்கிறது. லேண்ட்ஸீர் பல படங்களில் நாய்க்கு மனுஷ பாவனை கொடுத்து வழிந்திருக்கிறார். இதில் அந்த வழிசல் இல்லை. அந்தக் கறுப்பு வெறும் கறுப்பாக இல்லை, தோலுக்கு அடியில் தசை ஓடுவது தெரிகிறது. ஒரு நாய் ஒருவருக்காகக் காத்திருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். ஆல்பர்ட்டைத் தெரியாத நமக்கும் அது அவருடைய நாய் என்று தெரிகிறது.

மணிக்கும் அப்படி ஒன்று இருக்கும். கேட் ஓரம், தாத்தாவின் நாற்காலி, கழற்றிப் போட்ட செருப்பு. போட்டோவை அங்கே போய் எடுங்கள். குளிப்பாட்டிப் பவுடர் போட்டு ஸ்டூடியோ திரைக்கு முன்னால் நிறுத்தினால் வருகிறது தபால்தலை. முகத்துக்கு ஒன்று, முழு உடம்புக்கு ஒன்று, தழும்புக்கும் பாதத்துக்கும் தனித்தனியாக இரண்டு என்று அனுப்புங்கள். கூடவே நாலு வரி எழுதுங்கள்: மூக்கு ரோஸ், கண் தேன் நிறம், இடது காது கொஞ்சம் மடிந்திருக்கும். ஒரு வேலை மட்டும் செய்ய வேண்டாம். இரண்டு வயசுப் படத்திலிருந்து உடம்பையும் பத்து வயசுப் படத்திலிருந்து முகத்தையும் எடுத்து ஒட்டச் சொல்லாதீர்கள். அப்படி ஒரு நாய் உங்கள் வீட்டில் இருந்ததே இல்லை.

பெரும்பாலும் இந்தப் படங்களுக்கு ஆர்டர் கொடுப்பது நாய் போன பிறகுதான். அப்போது போனைத் துழாவினால் கிடைப்பது, குழந்தையின் பிறந்தநாள் படத்தில் ஓரமாகப் போகும் ஒரு வெள்ளை வால். பன்னிரண்டு வருஷம் வாசலில் கிடந்த ஜீவனுக்கு நம்மிடம் மிஞ்சுவது அதுதான் என்றால், எந்த ஓவியர் என்ன செய்ய முடியும்? மற்ற நாய்களுக்கு மூஞ்சி நரைத்து வயசு தெரியும். ராஜபாளையத்துக்கு நரை தெரியாது. எழுந்திருக்க ஒரு நிமிஷம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். அதைக் கவனித்த அன்றைக்கே, சாயங்கால வெளிச்சத்தில், போனை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய்த் தரையில் உட்காருங்கள்.