ஹெய்ன்ஸ் கதையும் நம் பிள்ளைகளும்

லாரன்ஸ் கோல்பர்க் 1958-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக 10, 13, 16 வயதுச் சிறுவர்களிடம் அறச்சிக்கல் கதைகளைச் சொல்லி, அவர்கள் கூறிய காரணங்களிலிருந்து ஒழுக்க வளர்ச்சியின் படிநிலைகளை வகுத்தார். சிறுமியர் எவரும் அதில் இல்லை. கரோல் கில்லிகன் 1982-இல் இதைக் கண்டித்து எழுதினார்.

மனைவியின் உயிரைக் காக்க ஹெய்ன்ஸ் மருந்தைத் திருடலாமா? நாமக்கல் பக்கம் என் வகுப்புக்கு வந்த ஓர் ஆய்வு மாணவர் இக்கதையை அப்படியே மொழிபெயர்த்துக் கேட்டார். ஒரு சிறுமி, "ஏன் சார், பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலையா?" என்றாள். படிவத்தில் 'பதில் இல்லை' என்று குறித்துக்கொண்டார். கோல்பர்க் தேடியதே காரணத்தைத்தான்; ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று இவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சத்துணவு முட்டையைத் தங்கைக்கு ஒளித்து எடுத்துப்போகும் பையன், கேட்டால் "தின்னுட்டேன்" என்கிறான். அது தப்பா என்று கேட்டிருந்தால், கோழிப்பண்ணை ஊர்ப் பிள்ளைகள் மணியடிக்கும்வரை பேசியிருப்பார்கள்.